சுறா ஏறாத தூண்டில்: ஆழ்கடல் சூரைப் படகுகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சுறா வேண்டாம் என்று பாம்பன் கரையில் நின்று சொன்னால் சிரிப்பார்கள். பிள்ளை பெற்ற வீட்டில் பால்சுறாப் புட்டு வைக்காத கடற்கரை ஊர் எது? பெரிய சுறாவைக் கீறி உப்பிட்டுக் காயவைத்தால் கருவாட்டுச் சந்தைக்குப் போகும். அதனால் 'வேண்டாத சுறா' என்ற பேச்சையே முதலில் நேராக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பாக் நீரிணையின் ஆழமில்லாத தண்ணீரில் வலையில் விழும் சிறு பால்சுறாவைப் பற்றி இங்கே பேசவில்லை. மன்னார் வளைகுடாவைத் தாண்டி, சூரை (டூனா) தேடிப் பல நாள் தங்கலுக்குப் போகும் தூண்டில் படகில் ஏறும் பெரிய சுறாக்களைப் பற்றித்தான் பேச்சு. இழுவைமடியை விட்டுவிட்டு ஆழ்கடலுக்குப் போக 2017இல் தொடங்கிய திட்டம் இந்தக் கரையில் பலருக்கும் தெரியும். 80 லட்சம் ரூபாய்ப் படகில் மத்திய அரசு பாதி, மாநில அரசு 20 விழுக்காடு. மீதி 30 விழுக்காடு வங்கிக் கடனும் சொந்தக் கைக்காசும். அந்தப் படகின் ஐஸ் அறையில் இருக்கும் ஒவ்வொரு அடி இடமும் கடன் தவணையோடு கட்டப்பட்டது. அதில் எந்த மீன் கிடக்கிறது என்பதுதான் கேள்வி.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். சுறாவைக் குறைக்கக் கடலில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். எந்த நரம்பு (நைலான் இழை), எந்த முள் (தூண்டில் கொக்கி), எவ்வளவு நீளம் என்று கரையில் தூண்டில் கட்டும்போதே பாதிக்கு மேல் முடிவாகிவிடுகிறது. ஆகவே இந்த வழிகாட்டியும் கரையில்தான் அதிக நேரம் நிற்கும். தூண்டில் என்று இங்கே சொல்வது, மிதவைகளில் தொங்கும் ஒரு நீண்ட தாய்க்கயிறு; அதிலிருந்து கிளைக்கயிறுகள் இறங்கும், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு முள்.

ஏன் வேண்டாம் என்கிறோம்

சுறாவின் இரத்தத்திலும் சதையிலும் யூரியா இருக்கிறது. கடல்நீரின் உப்புக்கு ஈடுகொடுக்க அது உடலில் தேக்கி வைத்திருக்கும் சரக்கு. செத்தபின் அந்த யூரியா அம்மோனியாவாக மாறும். இரத்தம் வடியாத சுறாவை இரண்டு நாள் ஐஸில் போட்டுவைத்து அறையைத் திறந்தவர்களுக்கு அந்த நெடி தெரியும். ஐஸ் உருகிய தண்ணீர் கீழே கிடக்கும் சூரையின் மேல் வடிந்தால், நாற்றம் சூரைக்கும் ஏறும். ஏற்றுமதிக்குச் சூரை எடுப்பவர் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பதுதான். ஒரு சுறாவால் நான்கு சூரைக்கு விலை இறங்கினால் சுறா விற்ற காசு எங்கே போயிற்று என்று கேட்க ஆள் இருக்காது.

இரண்டாவது, கடிபட்ட சூரை. தூண்டிலில் மாட்டிய மீன் துடிக்கும்போது சுறா வந்து வயிற்றைக் கவ்விக்கொண்டு போகிறது. தலை மட்டும் மேலே வருகிறது. இதற்கெல்லாம் கணக்கு வைப்பவர்கள் குறைவு. வராத மீனை யார் எடை போடுவது?

மூன்றாவது, சட்டம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலில் 2001இல் அம்மணி உழுவை என்று நம்மவர்கள் சொல்லும் திமிங்கலச் சுறாவும், ரம்பம்போல் மூக்கு நீண்ட வேளா மீன்களும், வேறு சில சுறா, திருக்கை இனங்களும் சேர்ந்தன. 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. சுறா இறக்கையை வெட்டிக்கொண்டு உடலைக் கடலில் எறியக் கூடாது, இறக்கை உடலோடு ஒட்டியபடியே கரைக்கு வர வேண்டும் என்பது 2013 முதல் விதி. 2015 பிப்ரவரியில் சுறா இறக்கை ஏற்றுமதியே தடைசெய்யப்பட்டது. பீலி என்னும் இறக்கைக் காசை நம்பி, சுறா அறுக்க முடியாத இரும்பு வயர் கட்டிய காலம் அதோடு போய்விட்டது. ஆனால் வயர் மட்டும் இன்னும் சில படகுகளில் தொங்குகிறது. வாலே உடலளவு நீண்டிருக்கும் நீள்வால் சுறாக்களைப் படகில் வைத்திருக்கக் கூடாது என்று, இந்தியாவும் உறுப்பு நாடாக இருக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம் 2010இலேயே தீர்மானித்தது. ஆணையத்தின் பதிவேட்டில் உள்ள படகுகளுக்கு இது பொருந்தும்.

நான்காவது காரணத்தைச் சிலர் முதலில் சொல்வார்கள். 1970க்குப் பிறகு உலகப் பெருங்கடல்களில் சுறா, திருக்கைகளின் எண்ணிக்கை 71 விழுக்காடு சரிந்துவிட்டதாக 2021இல் வெளியான உலகளாவிய ஆய்வு கணக்கிட்டது. சாளை போடும் முட்டைக்குக் கணக்கில்லை. நீள்வால் சுறா பெரும்பாலும் ஒரு பேறுக்கு இரண்டே குட்டி ஈனுகிறது. பட்டுச் சுறா ஒரு வருடம் சுமக்கிறது. பிடித்த வேகத்துக்கு ஈடாகப் பெருகும் மீன் அல்ல இது.

படி 1: முதலில் எண்ணுங்கள்

அடுத்த இரண்டு தங்கலுக்கு எதையும் மாற்ற வேண்டாம். ஒரு நோட்டு மட்டும் எடுத்துப் போங்கள். ஏறிய ஒவ்வொரு சுறாவுக்கும் ஒரு வரி: இரண்டு மிதவைக்கு நடுவில் எத்தனையாவது முள், வயரா நரம்பா, முள் வாயிலா வயிற்றிலா, உயிரோடு வந்ததா செத்தா. கடிபட்ட சூரைக்கும் ஒரு வரி. இனப் பெயர் தெரியாவிட்டால் கைப்பேசியில் ஒரு படம் போதும். ஒரே சுறாவுக்கு சோளியக்குடியில் ஒரு பெயர், மூக்கையூரில் ஒரு பெயர் இருக்கலாம், படம் பொய் சொல்லாது. படத்தைக் காட்டிக் கேட்க மண்டபம் முகாமில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. 1971 வரை அந்த நிறுவனத்தின் தலைமையகமே அங்கேதான் இருந்தது என்பதை இன்றைய பிள்ளைகள் பலர் அறியமாட்டார்கள்.

இந்த நோட்டு இல்லாமல் மற்ற படிகளைச் செய்தால், பலன் கிடைத்ததா என்று பின்னால் சண்டைதான் வரும்.

படி 2: வயரை அவிழ்த்து நரம்பைக் கட்டுங்கள்

ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். முள்ளுக்கு மேலே கடைசியாக இருக்கும் ஒரு முழம், இரண்டு முழம் துண்டு இரும்பு வயராக இருந்தால் சுறாவால் கடித்து அறுக்க முடியாது. அதே துண்டு தங்கூசி நரம்பாக இருந்தால் அறுத்துக்கொண்டு போய்விடும். சூரைக்கு நரம்பை அறுக்கும் பல் இல்லை. வயர் யாருக்காகக் கட்டப்படுகிறது என்பது இதிலிருந்தே விளங்கும்.

"முள் போகுமே" என்பார்கள். போகும். எத்தனை போகிறது என்று எண்ணத்தான் நோட்டு. போகும் முள்ளின் விலையை ஒரு பக்கமும், சுறாவோடு மல்லுக்கட்டும் நேரம், முறுக்கேறிக் கழிக்கும் தாய்க்கயிறு, ஐஸ் அறையின் இடம் ஆகியவற்றை மறுபக்கமும் எழுதிப் பாருங்கள். ஆஸ்திரேலியாவில் வயரையும் நரம்பையும் ஒரே படகில் மாற்றி மாற்றிக் கட்டி ஒப்பிட்டார்கள். நரம்பில் சுறா குறைந்தது. பெருங்கண் சூரையோ கூடுதலாக விழுந்தது. வயர் தண்ணீரில் மீனின் கண்ணுக்குத் தெரிகிறது, நரம்பு அவ்வளவாகத் தெரிவதில்லை என்பது அதற்குச் சொல்லப்பட்ட விளக்கம். அந்நாட்டின் கிழக்குக் கரைச் சூரைத் தொழிலில் 2005 முதல் வயருக்குத் தடை. ஹவாய் தீவின் ஆழ்கடல் தூண்டில் படகுகள் 2022இல் வயரைக் கைவிட்டன. மேற்கு, நடுப் பசிபிக்கில் நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும் 20 பாகை வரை 2024 முதல் வயரும் கூடாது, மிதவையிலேயே கட்டித் தொங்கவிடும் சுறாத் தூண்டிலும் கூடாது.

ஒரேயடியாக மாற்ற மனம் வராதவர்கள் பாதிக்குப் பாதி செய்யுங்கள். ஒரு மிதவை இடைவெளியில் வயர், அடுத்ததில் நரம்பு என்று மாற்றி மாற்றிக் கட்டுங்கள். ஒரே இரவு, ஒரே நீவாடு (நீரோட்டம்), ஒரே இரை. இரண்டு தங்கலில் உங்கள் படகே உங்களுக்குப் பதில் சொல்லிவிடும். பிறர் கடலில் நடந்த ஆய்வைவிடச் சொந்த நோட்டுக்கு ஆட்கள் மத்தியில் மதிப்பு அதிகம்.

நரம்பின் தடிமன் 1.8 முதல் 2 மில்லிமீட்டர் சூரைக்குப் போதும். ஒரு எச்சரிக்கை: முள்ளுக்கு அருகில் ஈயம் கட்டியிருந்தால், இழுவிசையில் இருக்கும் நரம்பைச் சுறா அறுத்த கணத்தில் அந்த ஈயம் படகை நோக்கித் தோட்டா போல் வரும். முகத்தில் பட்டால் கண் போய்விடும். ஈயத்தை முள்ளிலிருந்து தள்ளிக் கட்டுங்கள், அல்லது இழுக்கும்போது வழுக்கிக் கழன்றுவிடும் வகை ஈயத்தை வாங்குங்கள். கயிறு வரும் திசைக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம்.

படி 3: வட்ட முள், அதன் குழப்பத்தோடு

ஜே வடிவ முள்ளை மீன் விழுங்கினால் அது தொண்டையிலோ குடலிலோ குத்தும். நுனி உள்நோக்கி வளைந்த வட்ட முள் விழுங்கினாலும் இழுபட்டு வந்து பெரும்பாலும் கடைவாயில்தான் மாட்டும். கடலாமைக்கும் இதுவே நல்லது. ஆமை சிக்குவதும் விழுங்குவதும் வட்ட முள்ளில் குறைகிறது.

ஆனால் வட்ட முள் போட்டால் சுறா குறையும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பல கடல்களில் பார்த்தபோது சில இனங்களின் எண்ணிக்கை கூடத்தான் செய்தது. காரணம் எளிது. ஜே முள் தொண்டையில் குத்தும்போது நரம்பு முழுவதும் பல் வரிசைக்கு நடுவே கிடக்கிறது. இரண்டு கடியில் அறுந்துவிடும். வட்ட முள் கடைவாயில் மாட்டும்போது நரம்பு வாய்க்கு வெளியே கிடக்கிறது. பல் அதைத் தொடுவதே இல்லை. அறுத்துக்கொண்டு போன சுறா கணக்கில் வராது, போகாதது வரும்.

அப்படியானால் எதற்கு வட்ட முள்? அறுத்துக்கொண்டு போன சுறாவின் குடலில் முள் இருக்கிறது. அது பிழைத்ததா என்று நமக்குத் தெரியாது. வட்ட முள்ளில் வரும் சுறா கடைவாயில் மட்டும் காயத்தோடு, பெரும்பாலும் உயிரோடு படகோரம் வந்து நிற்கும். நரம்பை வெட்டினால் நீந்திப் போகும். என் தீர்ப்பு: நரம்பும் வட்ட முள்ளும் சேர்ந்தே இருக்கட்டும், ஆனால் படி 8ஐச் செய்ய மனமிருந்தால் மட்டும். வந்ததையெல்லாம் ஏற்றும் படகில் வட்ட முள் சுறாவுக்கு எந்த நன்மையும் செய்யாது.

வாங்கும்போது நுனி பக்கவாட்டில் சாயாத முள்ளாகப் பாருங்கள். துருப்பிடிக்காத எஃகு வேண்டாம். மீனோடு போன முள் துருப்பிடித்து உதிர்வதுதான் நல்லது.

படி 4: இரை

கணவாய் தோல் தடித்தது, முள்ளில் நன்றாக நிற்கும், அதனால் மீன் அதை முள்ளோடு சேர்த்து விழுங்கும். காணாங்கெளுத்தி, சாளை போன்றவற்றை மீன் பிய்த்துப் பிய்த்துத் தின்னும். கணவாயை விட்டு மீன் இரைக்கு மாறியபோது நீலச்சுறா குறைந்த கடல்கள் உண்டு. எல்லாச் சுறாவுக்கும் அப்படியே நடக்கும் என்று சொல்ல முடியாது. இரை விலையும் கிடைப்பும்தான் இங்கே முடிவு செய்யும் என்பதால் அதிகம் வற்புறுத்தமாட்டேன். ஒன்று மட்டும்: தூண்டில் இறக்கும்போதும் இழுக்கும்போதும் சூரைக் குடலையும் செவுளையும் கடலில் எறியாதீர்கள். விருந்து வைத்துவிட்டு விருந்தாளி வந்துவிட்டான் என்று புலம்புவதுதான் அது. ஒரு பீப்பாயில் சேர்த்து வைத்து, கயிறு முழுவதும் ஏறியபின் வேறிடம் போகும் வழியில் கொட்டுங்கள்.

படி 5: ஆழக் கணக்கு

பட்டுச் சுறாவும், துடுப்பு நுனி வெளுத்த ஆழ்கடல் சுறாவும் பெரும்பாலும் மேல் 100 மீட்டரில்தான் திரிகின்றன. மிதவைக்குப் பக்கத்தில் இருக்கும் முள்தான் எல்லாவற்றிலும் மேலே தொங்கும். ஆகவே சுறா எந்த முள்ளில் அதிகம் ஏறுகிறது என்று நோட்டு சொல்லும்போது, முதல் முள்ளும் கடைசி முள்ளும் என்றால் வியக்க வேண்டாம்.

உங்கள் முள் எந்த ஆழத்தில் நிற்கிறது? பலர் கயிற்று நீளத்தைச் சொல்வார்கள். அது ஆழம் அல்ல. ஒரு காகிதக் கணக்கு போடுவோம். இரண்டு மிதவைக்கு நடுவில் 300 மீட்டர் தாய்க்கயிறு, அதில் 50 மீட்டருக்கு ஒன்றாக ஐந்து முள். மிதவைக்கயிறு 20 மீட்டர், கிளைக்கயிறு 20 மீட்டர். கயிற்றை நன்றாகத் தளர்த்தி இறக்கி, மிதவைகள் தண்ணீரில் 240 மீட்டர் இடைவெளியில் நின்றால், தாய்க்கயிற்றின் நடுப்பகுதி ஏறத்தாழ 80 மீட்டர் தொய்யும். நடு முள் 120 மீட்டரில் நிற்கும், முதல் முள் 78 மீட்டரில். அதே கயிற்றைப் படகை வேகமாக ஓட்டி இழுத்து இறக்கி, மிதவைகள் 285 மீட்டரில் நின்றால் தொய்வு 40 மீட்டராகக் குறைந்துவிடும். நடு முள் 80 மீட்டர், முதல் முள் 62 மீட்டர். கயிறும் முள்ளும் ஒன்றே. ஓட்டுநரின் கைவேகம் மட்டும் மாறியது, ஐந்து முள்ளும் சுறாவின் மாடிக்கு ஏறிவிட்டன. கடலில் நீவாடு இழுக்கும்போது கயிறு இன்னும் மேலே தூக்கும். காகிதத்தில் வரும் ஆழத்தைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள்.

செய்ய வேண்டியது மூன்று. இறக்கும்போது படகின் வேகத்தைக் கயிறு வெளியேறும் வேகத்தைவிடக் குறைத்துப் பிடியுங்கள். மிதவைக்கயிற்றை நீட்டுங்கள், 20ஐ 40 ஆக்கினால் எல்லா முள்ளும் ஒருசேர 20 மீட்டர் இறங்கும், செலவு கொஞ்சம் கயிறுதான். மிதவைக்கு இருபுறமும் முதல் கிளையைக் கட்டாமல் விட்டு, அந்த முள்ளை நடுப்பக்கம் சேர்த்துக் கட்டுங்கள். மிதவையிலேயே நேராகக் கட்டித் தொங்கவிடும் தூண்டில் இருந்தால் அதை இன்றே அவிழ்த்துவிடுங்கள், அது சுறாவுக்கென்றே போட்டது.

இதில் ஒரு இழுபறி இருக்கிறது, மறைக்கக் கூடாது. மஞ்சள் துடுப்புச் சூரையும் மேல்தண்ணீரில் வரும் மீன்தான். ரொம்ப ஆழத்துக்குப் போனால் அது குறைந்து பெருங்கண் சூரை கூடலாம். மயில்மீன் குறையும். நீள்வால் சுறாக்களோ பகலில் ஆழத்தில் இருப்பவை. ஆழ இறக்கினால் அவை கூடலாம். அதனால் ஒரேயடியாக 200 மீட்டருக்குப் போகாமல், முதல் முள்ளை மட்டும் மேல்தளத்திலிருந்து விலக்குவது என்ற அளவில் தொடங்குவதே நிதானம். ஆழம் பற்றி ஐந்து பேர் ஐந்து விதமாகச் சொல்வார்கள். நோட்டில் 'எத்தனையாவது முள்' என்ற பத்தியைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

படி 6: ஊறும் நேரம்

முள் தண்ணீரில் எவ்வளவு நேரம் கிடக்கிறதோ அவ்வளவு சுறா. வந்த சுறா சாவதும் அந்த நேரத்தைப் பொறுத்தே. சுத்தியல் தலைக் கொம்பன் சுறா, நீள்வால் சுறா, பட்டுச் சுறா போன்றவை நீந்திக்கொண்டே இருந்தால்தான் செவுளுக்குள் தண்ணீர் போகும். முள்ளில் கட்டுண்டு நின்றால் மூச்சடைத்துச் சாகும். கொம்பன் இதில் மிகவும் பலவீனமானது. நீலச்சுறாவும் புலிச்சுறாவும் தாக்குப்பிடிக்கும்.

நேரத்தைக் குறைக்க அதிகம் பேசப்படாத ஒரு வழி, இழுக்கும் முனையை மாற்றுவது. தூண்டில் இறக்க 4 மணி நேரம், காத்திருப்பு 3 மணி, இழுக்க 8 மணி என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக இறக்கிய முனையிலேயே இழுக்கத் தொடங்கினால், அந்தக் கடைசி முள் 3 மணி நேரம்தான் தண்ணீரில் இருந்தது; முதலில் இறக்கிய முள்ளோ 15 மணி நேரம். அந்தப் பக்கத்து மீன் சூரையானாலும் சுறாவானாலும் செத்து வெளிறிப் போயிருக்கும். முதலில் இறக்கிய முனைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து இழுத்தால் குறைந்தது 7 மணி, அதிகம் 11 மணி. திரும்பி ஓடும் டீசல் கையைக் கடிக்கும், உண்மைதான். சூரையின் தரம் அதை ஈடுகட்டுகிறதா என்று ஒரு தங்கலில் பார்த்துவிடலாம். இல்லையென்றால் எளிய வழி, முள் எண்ணிக்கையைக் குறைத்து ஒரு நாளில் இழுக்க முடிகிற அளவுக்கு மட்டும் இறக்குவது.

படி 7: இடம் மாறுதல்

இழுக்கத் தொடங்கி முதல் கால் பங்கிலேயே சுறா வரிசையாக வந்தால் அடுத்த இறக்கத்தை அங்கே போடாதீர்கள். சில கடல்மைல் விலகுங்கள். ஜி.பி.எஸ். புள்ளியைக் குறித்து, வயர்லெஸில் பக்கத்துப் படகுக்கும் சொல்லுங்கள். சூரை கிடைத்த இடத்தை யாரும் சொல்லமாட்டார்கள், அது தொழில் இரகசியம். சுறா கிடைத்த இடத்தைச் சொல்வதில் என்ன நஷ்டம்?

படி 8: வந்த சுறாவை அனுப்புவது

எவ்வளவு செய்தாலும் சில ஏறும். இங்கே அவசரம்தான் எதிரி, ஆளுக்கும் சுறாவுக்கும்.

தேவையான கருவி ஒன்றுதான்: ஆள் உயரத்துக்கு மேலான கழி, அதன் முனையில் நரம்பை வெட்டும் கூர்மையான கத்தி, உள்வளைவாக. கரையில் ஒரு பட்டறையில் அடித்து வாங்கிவிடலாம். அதைத் தேடி எடுக்கும் நிலையில் வைக்காதீர்கள். இழுக்கும் பக்கத்தில், கைக்கு எட்டும் இடத்தில் கட்டி வையுங்கள்.

சுறா என்று தெரிந்ததும் வின்சை நிறுத்தி, இன்ஜினை நியூட்ரலில் போடுங்கள். சுறாவைத் தண்ணீரிலேயே வைத்தபடி மெதுவாகப் படகோரம் கொண்டுவாருங்கள். மேலே தூக்கக் கூடாது. தண்ணீர் தாங்கும் உடம்பு அது. வெளியே தூக்கினால் தன் எடையே அதன் உள்ளுறுப்பை நசுக்கும். செவுளில் கைவிட்டுத் தூக்குவது, வாலில் கயிறு போட்டுத் தொங்கவிடுவது, கொக்கிக் கழியால் குத்துவது மூன்றும் கொல்வதற்குச் சமம். கழியை நீட்டி, முள்ளுக்கு எவ்வளவு அருகில் முடியுமோ அவ்வளவு அருகில் நரம்பை வெட்டுங்கள். அரை மீட்டருக்கு மேல் வால்போல் தொங்கவிடாதீர்கள். நீளமான நரம்பை இழுத்துக்கொண்டு போகும் சுறா பிழைக்கும் வாய்ப்புக் குறைவு, அதிலும் ஈயம் தொங்கினால் கேட்கவே வேண்டாம்.

முள்ளைக் கழற்ற முயற்சி செய்யலாமா? கடைவாயில் கண்ணுக்குத் தெரியும்படி இருந்து, சுறாவும் அமைதியாக இருந்தால், நீண்ட கைப்பிடி உள்ள முள் கழற்றியால் ஒரே ஒரு முறை. விழுங்கிய முள்ளை இழுக்கவே கூடாது. முள்ளை மீட்கத் தாடையை வெட்டும் பழக்கத்தைப் பற்றி ஒரே வரி: ஒரு முள்ளின் விலைக்கு அது நியாயமில்லை.

ஒரே நேரத்தில் இரண்டு மூன்று வந்தால் கொம்பனை முதலில் அனுப்புங்கள். தலை சுத்தியல்போல் இருபுறமும் விரிந்திருப்பதால் அதைப் பார்த்ததும் தெரியும். அதற்கு நேரம் இல்லை. அம்மணி உழுவை, வேளா, ஆனைத்திருக்கை மாட்டினால் இடம், நேரம், படம் மூன்றையும் குறித்து, வெட்டி விடுங்கள், கரைக்கு வந்ததும் மீன்வளத் துறைக்குச் சொல்லுங்கள். உயிரோடு விட்டதைச் சொன்னால் வழக்கு வரும் என்ற பயம் பலருக்கு இருக்கிறது. பட்டியலில் உள்ள மீனை ஏற்றிக் கொண்டுவந்தால்தான் வழக்கு வரும். செத்து வந்த சுறா பட்டியலில் இல்லாத, நீள்வாலும் அல்லாத இனமாக இருந்தால், இறக்கையோடு முழுசாக, இரத்தம் வடித்து, சூரையிலிருந்து பிரித்துத் தனி ஐஸில் வையுங்கள்.

இந்தப் படகுகளில் தூண்டிலோடு செவுள்வலையும் இருக்கிறது. வலையில் சுறா பெரும்பாலும் செத்தே வரும். இந்தப் படி அங்கே உதவாது. தூண்டிலில் காட்டும் கவனத்தை வலை விரிக்கும் இரவில் மறந்துவிட்டால் மிச்சம் ஒன்றுமில்லை.

படி 9: ஆட்களின் பங்கு

கருவியெல்லாம் மாறியும் சுறா குறையாத படகு உண்டென்றால், அங்கே காரணம் பங்குக் கணக்கில் இருக்கும். சூரைக் காசு படகுக்கும் கடனுக்கும், சுறாக் காசு ஆட்களின் கைச்செலவுக்கு என்ற வழக்கம் உள்ள இடத்தில், நரம்பை வெட்டு என்று சொல்வது அவர்கள் சட்டைப்பையில் கைவைப்பது. படகுக்காரரான சம்மாட்டி அந்தக் காசை வேறு வழியில் திரும்பக் கொடுக்க வேண்டும்: கடிபடாத, நாற்றமில்லாத சூரைக்குக் கூடுதல் விலை கிடைக்கும்போது அதில் ஒரு பகுதியை ஆட்களுக்கென்று தனியே எடுத்து வைப்பது ஒரு வழி. தங்கலுக்கு முன் பேசி முடியுங்கள். நடுக்கடலில், தூக்கம் கெட்ட மூன்றாம் நாள் இரவில், இதைப் பேசி யாரும் ஜெயித்ததில்லை.

கரையில் சுறாவை வாங்கி உப்பிட்டுக் காயவைக்கும் பெண்களும் கேட்பார்கள். அவர்களுக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பெரிய சுறாக்களைவிட விரைவில் பெருகும் சிறு பால்சுறா நாட்டுப்படகுகளில் வருகிறது, கருவாட்டுக்கு அது தொடரும் என்று மட்டும் சொல்ல முடிகிறது.

வாங்க வேண்டாதவை

காந்தம், அபூர்வ உலோகத் துண்டு என்று சுறாவை விரட்டும் பொருள்கள் பேசப்படுகின்றன. ஒரு கடலில் வேலை செய்தது மறு கடலில் செய்யவில்லை. முள்ளுக்கு அருகில் சிறு மின்துடிப்பு விடும் கருவி ஒன்றைத் தென் பிரான்சில் சூரைத் தூண்டிலில் சோதித்ததை 2022இல் வெளியிட்டார்கள். நீலச்சுறா 91 விழுக்காடும் ஆழ்கடல் திருக்கை 71 விழுக்காடும் குறைந்தன. நம்பிக்கை தரும் செய்திதான். ஆனால் ஒவ்வொரு முள்ளுக்கும் ஒரு கருவி, ஒவ்வொன்றுக்கும் பேட்டரி என்று வரும்போது, நரம்புக்கும் வட்ட முள்ளுக்கும் முன்னால் இதற்குப் பணம் போடுவது புத்திசாலித்தனமாகப் படவில்லை.

எப்போது தொடங்குவது

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். படகு கரையேறி, இன்ஜின் பிரிந்து, ஆட்கள் நிழலில் உட்கார்ந்து தூண்டில் சீர்செய்யும் காலம் அதுதான். முதல் வாரத்தில் பழைய நோட்டைப் படியுங்கள். இரண்டாம் வாரத்தில் நரம்பும் வட்ட முள்ளும் வாங்குங்கள். கிளைக்கயிறு கட்டும்போதே மிதவைக்குப் பக்கத்துக் கிளையை விட்டுக் கட்டுங்கள், மிதவைக்கயிற்றை நீட்டுங்கள், வெட்டும் கழியைப் பட்டறையில் சொல்லி அடியுங்கள். அவிழ்த்த வயர்த் துண்டுகளைப் பத்திரமாக ஒரு வாளியில் போட்டுப் படகில் வைக்கத் தோன்றும், காசு கொடுத்து வாங்கியது அல்லவா. வைக்காதீர்கள். படகில் வயர் இருந்தால் மூன்றாம் நாள் முள் போகும்போது யாராவது ஒருவர் எடுத்துக் கட்டிவிடுவார். அந்த வாளியைத் தங்கச்சிமடத்தில் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டுப் புறப்படுங்கள்.